ஆங்கிலக் குற்றுயிர்களும் ஒழுங்கின்மை என்னும் கட்டுக்கதையும்

ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு இலக்கணம் கிடையாது, அதிலும் உயிரெழுத்துகள் எந்த விதிக்கும் அடங்கா, ஆகையால் ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்துகளின் ஒலிகளைப் பிரித்துக் கற்பிப்பது வீண்வேலை, சொற்களை முழு உருவமாகக் கண்ணில் பதியவைத்து, தெரியாத சொல் எதிர்ப்படும்போது படத்தையும் கதைப்போக்கையும் கொண்டு ஊகிக்கப் பழக்குவதே இயல்பான வழி என்னும் கருத்து, ஆங்கிலம் தாய்மொழியாக வழங்கும் நாடுகளின் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் நெடுங்காலம் செல்வாக்கோடு வீற்றிருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியத்தின் செயலராக இருந்த ஹொரேஸ் மேன், 1840-களிலேயே தனியெழுத்துகளைக் குருதியற்ற ஆவியுருக்களாக இகழ்ந்து, முழுச்சொல் முறைக்காக வாதாடினார். 1930-களில் பரவிய ‘டிக், ஜேன்’ வாசிப்பு நூல்வரிசை அம்முறையை அமெரிக்கக் குழந்தைகளின் கைகளில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1967-இல் கென்னத் குட்மன் வாசிப்பை உளமொழியியல் சார்ந்த ஊக விளையாட்டு என்று வரையறுத்தபோது, பழைய பழக்கத்துக்குப் புதிய அறிவியல் ஆடை கிடைத்தது. இன்று இங்கிலாந்திலும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றிலும் அரசின் பாடத்திட்டங்கள் மாறிவிட்டன என்றாலும், அக்கருத்து சாகவில்லை. ‘பட்’ என்று ஒலிக்கும் சொல்லில் முதலெழுத்தை மட்டும் மாற்றினால் ‘புட்’ ஆகிவிடுகிறதே, இதற்கு என்ன விதி என்று கேட்டுச் சிரிக்கும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலேயே, அக்கொள்கையின் பரப்புரையாளராக இருக்கின்றனர்.

இங்கு மறுக்கப்படுவது அந்தக் கொள்கையின் அடித்தளமாகிய ஒழுங்கின்மைக் கூற்று. ஆங்கில எழுத்துமுறையில் இடர்ப்பாடான பகுதிகள் உண்டு என்பதை யாரும் மறுக்கத் தேவையில்லை. ஆனால், இரு மெய்களுக்கு நடுவில் தனியொரு உயிரெழுத்து நிற்கும் சிறு சொற்கள், அதாவது பூனைக்குரிய ‘கேட்’, படுக்கைக்குரிய ‘பெட்’, பன்றிக்குரிய ‘பிக்’, நாய்க்குரிய ‘டாக்’, கிண்ணத்துக்குரிய ‘கப்’ போன்றவை, அந்த எழுத்துமுறையின் மிக உறுதியான நிலப்பகுதி. இச்சொற்களின் நடுவில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்து எழுத்துகளும் ஏற்கும் ஒலிகளையே ஆங்கில ஆசிரியர்கள் குற்றுயிர் ஒலிகள் என்கின்றனர். மெய்யால் அடைக்கப்பட்டு முடியும் இத்தகைய அசை மூடிய அசை எனப்படும். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள இணைப்பை முறைப்படுத்திக் கற்பிக்கும் வழிக்கு ஃபோனிக்ஸ் என்று பெயர். குற்றுயிர்களை ஃபோனிக்ஸ் வழியில் முதலில், தனித்தனியாக, போதிய பயிற்சியோடு கற்பிக்காமல் தாண்டிச் செல்வதற்காகச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட ஆராய்ச்சியின் முன் நிற்பதில்லை.

ஒழுங்கின்மைக் கூற்றின் செல்லப்பிள்ளை, ஜி, ஹெச், ஓ, டி, ஐ என்னும் ஐந்து எழுத்துகளை வரிசையாக எழுதி அதை மீன் என்று பொருள்படும் ‘ஃபிஷ்’ என வாசிக்கலாம் என்னும் வேடிக்கை. ‘லாஃப்’ என்னும் சொல்லின் இறுதியிலுள்ள இரண்டு எழுத்துகள், ‘விமென்’ என்னும் சொல்லின் ஓ, ‘நேஷன்’ என்னும் சொல்லின் நடுவிலுள்ள இரண்டு எழுத்துகள் ஆகியவற்றைப் பிய்த்தெடுத்து ஒட்டவைத்த அந்தப் புனைவை ஜார்ஜ் பெர்னாட் ஷாவின் பெயரில் ஏற்றிச் சொல்வது வழக்கம். ஷா பிறந்தது 1856-இல், வேடிக்கையோ 1855-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே காணப்படுகிறது. தவறான தந்தைமை ஒருபுறமிருக்க, அது நிறுவ விரும்பியதற்கு நேர்மாறானதையே நிறுவுகிறது. ஜி, ஹெச் இணை சொல்லின் முதலில் ஒருபோதும் ‘ஃப்’ ஒலியைத் தருவதில்லை. டி, ஐ இணை ‘ஷ்’ ஒலியைத் தருவது அடுத்து உயிரெழுத்து ஒன்று தொடரும்போது மட்டுமே. ஓ என்னும் எழுத்து ‘இ’யாக ஒலிப்பதற்கு ‘விமென்’ தவிர வேறு சான்று காட்டுவது அரிது. எழுத்தின் ஒலியை அதன் இடமும் அண்டையும் தீர்மானிக்கின்றன என்பதே விதி, அந்த விதியை மீறினால்தான் வேடிக்கை பிறக்கிறது. இதில் எவரும் கவனிக்காத செய்தி, ‘ஃபிஷ்’ என்னும் சொல் நடைமுறையில் எழுதப்படும் விதம் முற்றிலும் ஒழுங்கானது என்பதும், அதன் நடுவே நிற்பது எந்தக் குறையுமற்ற ஒரு குற்றுயிர் என்பதும்.

குற்றுயிர்கள் ஏன் ஒழுங்காக இருக்கின்றன என்பதற்கு வரலாற்றில் தெளிவான விடை இருக்கிறது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரையிலான காலத்தில் ஆங்கிலத்தின் நெட்டுயிர்கள் வாயினுள் தத்தம் இடம்விட்டு மேலேறின. ஏற்கெனவே உச்சியில் இருந்தவை ஈருயிர்களாகப் பிளந்தன. டேனிய மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் இதற்குப் பெரும் உயிர்ப்பெயர்ச்சி என்று பெயரிட்டார். ‘ஹூஸ்’ என ஒலித்த வீடு ‘ஹவுஸ்’ ஆனதும், ‘ஆ’வை ஒத்த ஒலியோடு வழங்கிய பெயர் ‘நேம்’ ஆனதும் இந்த மாற்றத்தால்தான். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய பின், ஒலிகள் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும்போதே எழுத்துக்கூட்டல் மெல்ல உறையத் தொடங்கியது. நெட்டுயிர்களுக்கும் அவற்றின் எழுத்துகளுக்கும் இடையே இன்று காணப்படும் பிளவு அவ்வாறு நேர்ந்தது. குற்றுயிர்கள் இந்தப் பெயர்ச்சியில் கலந்துகொள்ளவில்லை. ‘பெட்’, ‘ஷிப்’ போன்ற சொற்களின் நடு உயிர், பழங்கவிஞர் சாசரின் காலத்துக் காதுக்கும் பெரிய வியப்பைத் தந்திராது. ஆகவே ஆங்கில உயிர்களைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு, நெட்டுயிர்கள் செய்த குழப்பத்துக்குக் குற்றுயிர்களைக் கூண்டிலேற்றுவதாகும்.

‘பட்’, ‘புட்’ வழக்கையும் இதே வரலாறு தீர்த்துவைக்கிறது. யூ என்னும் எழுத்தின் குற்றொலி பழங்காலத்தில் தமிழின் உகரத்தை ஒத்திருந்தது. 17-ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் அது ‘கப்’, ‘ஸன்’ என்னும் சொற்களில் இன்று கேட்கும் ஒலியாக மாறியபோது, இதழ்களைக் குவிக்கவோ சேர்க்கவோ செய்யும் மெய்களுக்குப் பின்னால், குறிப்பாக ‘ல்’, ‘ஷ்’ ஒலிகளுக்கு முன்னால், பல சொற்களில் பழைய ஒலியே தங்கிவிட்டது. ‘புட்’, ‘புல்’, ‘ஃபுல்’, ‘புஷ்’ என்பவை அப்படித் தங்கிய ஒரு சிறு குடும்பம். வட இங்கிலாந்தின் மரபான பேச்சில் அந்த மாற்றமே நிகழவில்லை. யார்க்‌ஷயர், லங்காஷயர்ப் பகுதிகளில் அவ்வாறு பேசி வளரும் குழந்தைக்கு அவ்விரு சொற்களும் ஒரே இயைபில் ஒலிப்பதால், உலகெங்கும் ஆங்கிலத்தைப் பரிகசிக்கப் பயன்படும் எடுத்துக்காட்டில் பரிகாசத்துக்குரியது எது என்றே புரியாது.

வேடிக்கைகளைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எதிர்கொள்ளாமல் இந்த மறுப்பு நிறைவுறாது. தியோடர் கிளைமர் என்னும் அமெரிக்க ஆய்வாளர், தொடக்க வகுப்பு வாசிப்பு நூல்களில் சொல்லித்தரப்பட்ட 45 ஒலிவிதிகளை அந்நூல்களின் சொற்களைக் கொண்டே சோதித்து, முடிவுகளை 1963-இல் வெளியிட்டார். இரண்டு உயிரெழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது மட்டும் தன் பெயரைச் சொல்லும் என்னும் புகழ்பெற்ற விதி 45 விழுக்காடுதான் பொருந்தியது. ஓரசைச் சொல்லின் நடுவில் நிற்கும் உயிர் குறிலாக ஒலிக்கும் என்னும் விதியும் 62 விழுக்காட்டைத் தாண்டவில்லை. முழுச்சொல் முறையினர் இன்றுவரை கையில் ஏந்தும் ஆயுதம் இந்த 62. ஆனால் எஞ்சிய 38 விழுக்காடு எங்கே போயிற்று என்று பார்ப்பவருக்கு அந்த ஆயுதம் முனை மழுங்கியது என்பது விளங்கும். நடுவில் நிற்கும் உயிர் என்று கிளைமர் சோதித்த விதி மிகவும் தளர்வாக அமைந்திருந்ததால், ‘கோல்ட்’, ‘டோல்ட்’ போன்று ‘ல்ட்’ ஒலித்தொடருக்கு முன் நெடிலாகிய சொற்களும், ‘ஃபைட்’, ‘நைட்’ போன்று பழைய தொண்டையொலி மறைந்து நீண்டவையும் விதிவிலக்குகள் என்னும் ஒரே மூட்டையில் விழுந்தன. ஆர் எழுத்து பின்தொடரும் உயிர் அதனால் நிறம் மாறுவதும், டபிள்யூவுக்குப் பின் வரும் ஏ இதழ்குவிந்து ‘வாஷ்’, ‘ஸ்வான்’ என ஒலிப்பதும் அப்படித்தான். இவை விதியற்றவை அல்ல, ஒவ்வொன்றும் தனிக் குடும்பம். ‘கோல்ட்’ தெரிந்த குழந்தை ‘ஹோல்ட்’, ‘ஸோல்ட்’, ‘போல்ட்’ ஆகியவற்றையும் வாசிக்கும். தளர்வாக வகுத்த விதி தோற்றதைக் காட்டி, விதியே இல்லை என்று முடிவுகட்டுவது எந்த ஆய்வுநெறியிலும் சேராது. 1966-இல் பால் ஹன்னாவும் அவருடைய குழுவினரும் 17,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கணினியில் ஏற்றி, ஒலியிலிருந்து எழுத்துக்குச் செல்லும் விதிகளை மட்டுமே கொண்டு எழுதச் செய்தபோது, ஏறத்தாழப் பாதிச் சொற்கள் முற்றிலும் சரியாக அமைந்தன. மேலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை ஒரே ஒரு பிழையோடு வந்தன. ஒலியை எழுத்தாக்குவது எழுத்தை ஒலியாக்குவதைவிடக் கடினமானது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

குழந்தையின் முதல் பக்கத்திலேயே ‘த’, ‘வாஸ்’, ‘செட்’, ‘ஆவ்’ போன்ற முரட்டுச் சொற்கள் வந்துவிடுகின்றனவே, அங்கு ஒலிவிதி எப்படி உதவும் என்பது அடுத்த வாதம். அச்சொற்கள் மிகுதியாக வழங்குபவை என்பது உண்மை. அதே பக்கத்தில் ‘அட்’, ‘இட்’, ‘இன்’, ‘ஆன்’, ‘இஃப்’, ‘அன்ட்’, ‘தட்’, ‘திஸ்’, ‘வித்’, ‘ஹிம்’, ‘தென்’, ‘வென்’, ‘நாட்’, ‘அப்’, ‘கட்’, ‘வில்’, ‘வென்ட்’ ஆகிய ஒழுங்கான குற்றுயிர்ச் சொற்களும் மிகுதியாக வருகின்றன என்பதை வாதாடுவோர் எண்ணுவதில்லை. முரட்டுச் சொற்களிலும் முரண்டுபிடிப்பது பெரும்பாலும் ஓர் எழுத்தோ ஓர் இணையோதான்; சொன்னார் எனப் பொருள்படும் ‘செட்’ என்னும் சொல்லின் முதலும் முடிவும் வழக்கப்படியே ஒலிக்கின்றன. திறமான வாசகர் ஒரு சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் அறிவது அதன் வடிவத்தைப் படம்பிடித்து வைத்திருப்பதால் அல்ல, எழுத்து ஒவ்வொன்றையும் ஒலியோடு முடிச்சிட்டு நினைவில் பதித்திருப்பதால் என்று லின்னியா எரியின் ஆய்வுகள் காட்டியுள்ளன. மனப்பாடத்துக்கும் ஒலியறிவுதான் முளையடிக்கிறது.

குற்றுயிரை அறியாதவருக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலின் மற்ற விதிகள் கட்டாயம் இருளாகவே இருக்கும் என்பது, இவ்விவாதத்தில் போதிய அளவு பேசப்படாத செய்தி. சொல்லிறுதியில் ‘க்’ ஒலிக்குச் சி, கே என்னும் இரட்டையெழுத்து வருவது குற்றுயிருக்குப் பின்னால். அதனால்தான் முதுகுக்குரிய ‘பேக்’ இரட்டையெழுத்தையும், அடுப்பில் சுடுதலுக்குரிய ‘பேக்’ ஒற்றை எழுத்தையும் பெறுகின்றன. ‘கேட்ச்’, ‘பேட்ஜ்’ ஆகியவற்றில் கூடுதலாக ஒரு மெய்யெழுத்து நிற்பதும், ‘பெல்’, ‘மிஸ்’, ‘ஆஃப்’ ஆகியவற்றின் இறுதி மெய் இரட்டிப்பதும் அதே குறிலின் அடையாளங்கள். இராவுணவாகிய ‘டின்னர்’ இரண்டு என் எழுத்துகளையும், உண்பவராகிய ‘டைனர்’ ஒன்றையும் கொள்வதற்கு வேறு காரணம் இல்லை. சொல்லிறுதியில் ஒலிக்காமல் நிற்கும் ஈ, முன்னுள்ள உயிரை நெடிலாக்கும் என்பதை 1582-இலேயே ரிச்சர்ட் மல்காஸ்டர் தம் நூலில் விளக்கியிருந்தார். தொப்பியாகிய ‘ஹேட்’ வெறுப்பாகிய ‘ஹெய்ட்’ ஆவதும், ‘பின்’ ‘பைன்’ ஆவதும் அதன்படியே. இந்த விதிகள் அனைத்தும் குறில், நெடில் என்னும் வேறுபாட்டின் மேல் எழுந்தவை. குறிலைக் கற்பிக்காமல் விட்டுவிட்டு, ஆங்கிலத்துக்கு விதியில்லை என்று புலம்புவது, கதவைத் தாமே பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வாசலில்லை என்பதற்கு ஒப்பாகும்.

இங்குக் குறில் என்னும் பெயர் தமிழ் வாசகரை வழிதவறச் செய்யக்கூடும். தொல்காப்பியம் குறிலுக்கு ஒரு மாத்திரையும் நெடிலுக்கு இரண்டு மாத்திரையும் வகுக்கிறது. தமிழில் இகரத்தை நீட்டினால் ஈகாரம் கிடைக்கும், வாயின் நிலையில் பெருமாற்றம் தேவையில்லை. ஆங்கிலக் குற்றுயிர் அவ்வாறானதன்று. ‘கேட்’ என்னும் பூனையின் நடு உயிரை எவ்வளவு நீட்டினாலும் அது ஏ எழுத்தின் நெட்டொலியாகாது. குற்றுயிர்கள் சிலபோது கால அளவில் நெட்டுயிர்களுக்கு நிகராகவே நீள்கின்றன. தீமையைக் குறிக்கும் ‘பேட்’ என்பதன் உயிர், அடித்தலைக் குறிக்கும் ‘பீட்’ என்பதன் உயிருக்கு நீளத்தில் குறைந்ததன்று. வேறுபடுவது ஒலியின் தன்மை. தமிழ் எழுத்தில் பூனையும் வாயிற்கதவும் ‘கேட்’ என்றே எழுதப்படுவது, அந்தத் தன்மை வேறுபாட்டுக்குத் தமிழில் எழுத்தில்லை என்பதற்கு இக்கட்டுரையே தரும் சான்று.

எழுத்தின் பெயர்களை முதலில் மனப்பாடம் செய்விப்பது ஏன் குற்றுயிருக்குத் தடையாகிறது என்பதும் இதனால் விளங்கும். மெய்யெழுத்துப் பெயர்களில் பெரும்பாலானவை தம் ஒலியைத் தம்முள் கொண்டிருக்கின்றன. ‘எம்’ என்னும் பெயரில் ‘ம்’ இருக்கிறது, ஆகவே அவை குழந்தைக்குத் துணையாகவும் அமைகின்றன. உயிரெழுத்துகளின் பெயர்களோ நெட்டொலிகள் மட்டுமே; அவற்றுள் எதிலும் அதன் குற்றொலி இல்லை. சார்லஸ் ரீட் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்குச் செல்லுமுன்பே தாமாக எழுதத் தொடங்கிய அமெரிக்கக் குழந்தைகள், ‘ஃபிஷ்’ என்னும் சொல்லை எஃப், ஈ, எஸ் என்றும், விழுந்தான் என்னும் பொருளுடைய ‘ஃபெல்’ என்பதை ஏ எழுத்தைக் கொண்டும் எழுதியதைக் காட்டினார். இது மூடத்தனமன்று, கூர்மை. எழுதத் தெரியாத குற்றொலிக்கு, வாயில் அதற்கு மிக அருகில் ஒலிக்கும் எழுத்துப்பெயரை அக்குழந்தைகள் தேடிப்பிடித்தனர். பிஞ்சுக் காது ஒலியைத் துல்லியமாகவே கேட்கிறது, அந்த ஒலிக்குரிய எழுத்தைத்தான் ஒருவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அதைத் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டால் குழந்தை கண்டுபிடிப்பது பிழையான எழுத்தை.

ஊகிக்கும் முறை சறுக்கி விழும் இடமும் அதே நடு உயிர்தான். முதலெழுத்தைப் பார், படத்தைப் பார், பொருந்தும் சொல் எது என்று நினைத்துப் பார் என்பது ஊகமுறையினர் குழந்தைக்குத் தரும் அறிவுரை. ‘பின்’, ‘பென்’, ‘பேன்’, ‘பன்’ என்னும் சொற்கள் முதலெழுத்திலும் இறுதியெழுத்திலும் ஒத்துப்போகின்றன; அவற்றைப் பிரிப்பது நடுவிலுள்ள ஒன்றே ஒன்று, அதைப் பாராமல் தாண்டும்படிதான் அந்த அறிவுரை பழக்குகிறது. டொனால்ட் ஷாங்க்வைலரும் இசபெல் லிபர்மனும் 1972-இல் காட்டியபடி, தொடக்க வாசகர் செய்யும் பிழைகள் மெய்களைவிட உயிர்களிலேயே மிகுதி. நோய் அங்கிருக்க, மருந்து வேறிடத்தில் பூசப்பட்டது. குதிரை என்றிருக்கும் இடத்தில் குழந்தை மட்டக்குதிரை என்று வாசித்தால் பொருள் கெடவில்லையே என்று குட்மன் வழியினர் அமைதி கொண்டனர். பொருள் கெடாத பிழையே திருத்தக் கடினமான பிழை என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. 1970-களில் கீத் ஸ்டானோவிச்சும் ரிச்சர்ட் வெஸ்டும், திறமான வாசகரே சூழலை மிகுதியாகப் பயன்படுத்துவர் என்று எதிர்பார்த்து ஆய்வில் இறங்கி, அதற்கு நேர்மாறானதைக் கண்டனர்: சொல்லை அடையாளம் காண்பதற்குச் சூழலை ஊன்றுகோலாகப் பற்றியவர்கள் தடுமாறி வாசித்தவர்களே. ஊகிக்கும் பழக்கம் நல்ல வாசிப்பின் இலக்கணமாகக் கற்பிக்கப்பட்டது. உண்மையில் அது இயலாமையின் அறிகுறி.

ஆங்கிலக் குழந்தைகள் மற்ற ஐரோப்பியக் குழந்தைகளைவிட மெதுவாகவே வாசிக்கக் கற்கின்றனர் என்பது மெய். பிலிப் சீமரும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஒப்பாய்வில், முதலாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்துக் குழந்தைகள் பழகிய சொற்களில் ஏறத்தாழ 34 விழுக்காட்டையே சரியாக வாசித்தனர். பிற மொழிகள் பெரும்பாலானவற்றில் அந்த அளவு 90 விழுக்காட்டை ஒட்டியோ தாண்டியோ இருந்தது. இதிலிருந்து ஒலிகளைக் கற்பிப்பது பயனற்றது என்னும் முடிவுக்குத் தாவுவோர், வாதத்தைத் தலைகீழாக நிறுத்துகின்றனர். கடினமான பாடத்துக்குக் கற்பித்தல் மிகுதியாகத் தேவை என்பதுதான் அதிலிருந்து பெறப்படும் முடிவு.

முறையாகக் கற்பித்ததன் விளைவும் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில், முறைப்படுத்திய ஃபோனிக்ஸ் பயன் தருவதையும், அப்பயன் முதலிரு ஆண்டுகளில் தொடங்கும்போதே மிகுவதையும் கண்டது. இங்கிலாந்தில் ஜிம் ரோஸ் 2006-இல் அளித்த அறிக்கைக்குப் பின் அம்முறை பள்ளிகளுக்குப் பொதுவாயிற்று. 2012 முதல் ஆறு வயதுக் குழந்தைகளுக்கு 40 சொற்கள் கொண்ட ஒரு சிறு வாசிப்புச் சோதனை நடத்தப்படுகிறது. எதிர்பார்த்த நிலையை எட்டியவர்கள் அந்த ஆண்டில் 58 விழுக்காடு, 2019-இல் 82. சோதனைக்கு ஆசிரியர்கள் தயார்செய்ததால் ஏறிய எண்ணிக்கையும் இதில் கலந்திருக்கக்கூடும், அதைக் கழித்துப் பார்ப்பதே நேர்மை. எனினும் அச்சோதனையின் 40 சொற்களில் 20 பொருளற்ற புனைசொற்களாக இருப்பதைப் பழித்து எழுந்த கூச்சல் நியாயமற்றது. பொருளில்லாச் சொல்லை வாசிக்கச் சொல்வது குழந்தையை அவமதிப்பதாகும் என்றனர் எதிர்ப்பாளர்கள். ஐந்து வயதுக் குழந்தை முன்பின் கேட்டறியாத ஒவ்வொரு சொல்லும் அதற்குப் புனைசொல்லே. ‘ஃபன்டாஸ்டிக்’ என்னும் மூவசைச் சொல்லைப் பிரித்தால் நடுவில் கிடைக்கும் அசைக்குத் தனியே என்ன பொருள்? குற்றுயிரைக் கற்றவரா, சொல்லின் முகத்தை மனப்பாடம் செய்தவரா என்பதைப் பிரித்தறிய அதைவிட எளிய கருவி இல்லை.

ஃபோனிக்ஸ் தரப்பினரின் குறைகளும் மறைக்கத்தக்கவை அல்ல. மெய்யொலிகளோடு தேவையற்ற அகரத்தை ஒட்டி ‘க, ட, ப’ என்று ஒலிக்கச் சொல்லித்தரும் ஆசிரியரிடம் கற்கும் குழந்தை, ஒலிகளைச் சேர்க்கும்போது ‘க-ஏ-ட’ என்னும் மூவசைத் தொடரைப் பெறுமே தவிரப் பூனையைப் பெறாது. காதுக்கு மிக நெருங்கிய ஐ, ஈ ஆகியவற்றின் குற்றொலிகளை ஒரே வாரத்தில் அடுத்தடுத்துக் கற்பிப்பதும் தீங்கு. இங்கிலாந்தின் கல்வித்துறை 2007-இல் வெளியிட்ட பாடத்திட்டம் முதல் தொகுப்பில் எஸ், ஏ ஆகியவற்றோடு இரண்டு மெய்களைத் தந்து, அடுத்த தொகுப்பில் ஐ, அதன்பின் ஓ, அதற்கும் பிறகே ஈ, யூ என்று இடைவெளிவிட்டு வரிசைப்படுத்தியிருப்பது இந்த இடரை உணர்ந்ததால் எனலாம். ஒலிகளை ஒப்பிப்பதோடு வகுப்பை முடித்துவிட்டுக் கதைநூலைத் திறக்காத பள்ளிகளும் இருக்கின்றன. சொல்வளமும் கேட்டறிவும் இல்லாமல் வாசிப்பு பொருள் தராது. இவை கற்பிக்கும் விதத்தின் பிழைகள், திருத்தக்கூடியவை. வட்டாரத்துக்கு வட்டாரம் உச்சரிப்பு மாறுகிறதே என்னும் ஆட்சேபம் இவற்றைவிட எளிது: நியூசிலாந்தின் குறிலும் லண்டனின் குறிலும் வேறானாலும், அந்தந்த ஊரின் பேச்சுக்குள் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தம் மாறாமல் நிற்கிறது.

தமிழகத்தின் வகுப்பறைகளில் இக்கேள்வி இன்னும் கூர்மையாகிறது. எழுத்துப்பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவி, ‘சி, ஏ, டி, கேட், கேட்ன்னா பூனை’ என்று வகுப்பே சேர்ந்து ஒப்பிக்கும் பழக்கத்தில், அம்மூன்று பெயர்களைச் சேர்த்தால் அந்தச் சொல் எப்படி வருகிறது என்பதை எந்தக் குழந்தையும் அறிய வழியில்லை. சுவரொட்டி அட்டையில் ஏ எழுத்துக்கு ‘ஆப்பிள்’ நிற்கிறது, தமிழ் வாய் அதை ஆகாரத்தோடு சொல்கிறது. அடுத்த பக்கத்தில் அதே ஆங்கில ஒலியைக் கொண்ட பூனையை ஏகாரத்தோடு சொல்கிறது. ஆங்கிலத்தில் ஒரே ஒலியாக இருப்பதைத் தமிழ் உச்சரிப்பு இரண்டாகப் பிளந்துவிட்டு, ஏ என்னும் எழுத்து நம்பத்தகாதது என்று குழந்தைக்குக் கற்றுத்தருகிறது. இலங்கைத் தமிழர் ‘பற்றரி’ என்றும் தமிழகத்தார் ‘பேட்டரி’ என்றும் எழுதும் வேறுபாடும் அதே பிளவின் இன்னொரு முகம். ஐ எழுத்துக்கு ‘ஐஸ்கிரீம்’ வரையும் அட்டைகள் நெட்டொலியைக் காட்டுகின்றன, குற்றொலி அங்கே இடம்பெறுவதே இல்லை. ஆங்கிலத்தின் மேல் சுமத்தப்படும் ஒழுங்கின்மையில் ஒரு பகுதி அவ்வாறு இங்கேயே உற்பத்தியாகிறது. க், அ சேர்ந்து க என்று எழுத்தின் ஒலியை முதல் வகுப்பிலேயே சேர்த்துப் பழகும் தமிழ்க் குழந்தைக்கு ஒலிகளை இணைக்கும் கலை புதிதன்று; அந்தத் தேர்ச்சி ஆங்கில வகுப்பின் வாசலில் தள்ளிவைக்கப்படுகிறது.

முதல் வகுப்பு ஆங்கிலப் பாடநூலைக் கையிலெடுக்கும் பெற்றோர், ஐந்து குற்றுயிர்களுக்கும் தனித்தனியே எத்தனை பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன, கற்ற எழுத்துகளை மட்டுமே கொண்டு அமைந்த வாசிப்புப் பகுதிகள் உள்ளனவா என்று எண்ணிப் பார்க்கட்டும். இல்லையென்றால், நடு உயிரின் ஒலியை எப்போது, எப்படிக் கற்பிக்கப்போகிறீர்கள் என்று பள்ளியிடம் கேட்கட்டும். ‘ஆங்கிலத்துக்கு விதியே கிடையாது’ என்னும் பதிலை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.